ருசி பார்க்காமலே சோஸ் ஊற்றுகிறவர்களை என்ன செய்யலாம்?

தொங்கல்வீட்டான் (தலவாக்கலை)

நேராகவே கேட்டுவிடுகிறேன். சாப்பாடு தட்டுக்கு வந்ததும் ஒரு வாய் கூட எடுத்து வைக்காமல் சோஸ் போத்தலைத் தேடுகிறவர்கள் உங்கள் வீட்டில் உண்டா? லீவுக்கு வந்திருக்கும் எங்கள் அக்கா மகன் இந்த ரகம். கொழும்பில் வேலை. இடியப்பத்துக்குச் சோஸ், ரொட்டிக்குச் சோஸ், சரி, அதையெல்லாம் விட்டுவிடலாம். நேற்று நாட்டுக்கோழிக் குழம்பு. அம்மா காலையிலேயே மல்லியும் கொச்சிக்காயும் வறுத்து அரைத்து வைத்தது. அதன் மேல் தக்காளி சோஸை ஒரு வட்டம் சுற்றினான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடவாப்பா?" என்றுதான் கேட்டார். அந்தக் குரலிலேயே எல்லாம் இருந்தது.

என் கட்சி இதுதான். மேலே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் முதல் வாய் சமைத்தவர் கொடுத்தபடியே உள்ளே போக வேண்டும். உப்புக் குறைவா, காரம் போதாதா என்று தெரிந்த பிறகுதான் கை நீள வேண்டும். அதற்கு முன்னால் ஊற்றுவது, கடிதத்தைப் பிரிக்காமலே பதில் எழுதுகிற மாதிரி.

மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொட்டகலைக் கோமாளி

அண்ணே, மருமகனையாவது திட்டலாம். எங்கள் மாமனார் பாயாசத்துக்கே ஊறுகாய் கேட்பார். நான் யாரிடம் போய் முறையிட?

பஸ்ஸ்டாண்ட் கடை (ஹட்டன்)

அப்பா காலத்திலிருந்து சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். காசு மேசையில் உட்கார்ந்தபடியே யார் எதற்கு என்ன கேட்பார்கள் என்று சொல்லிவிடுவேன். சோறும் கறியும் சாப்பிடுகிறவர் சோஸ் கேட்பது அபூர்வம். அவர் கேட்பது ஊறுகாய், அப்பளம், பொரித்த மிளகாய். லொறிக்காரர்கள் வந்தால் எதற்குமே கொச்சிக்காயும் உப்பும் வெங்காயமும் வைத்து அரைத்த கட்டைச்சம்பல்தான், பாணுக்கும் சரி, அப்பத்துக்கும் சரி. கொத்து ரொட்டிக்காரர்களில் இரண்டு சாதி உண்டு: கோழிக் குழம்பை மேலே ஊற்றச் சொல்கிறவர்கள், சோஸ் கேட்கிறவர்கள். வயது 30க்கு மேல் என்றால் பெரும்பாலும் குழம்பு. பிரைட் ரைஸுக்கு மிளகாய் பேஸ்ட் வைக்க மறந்தால் வெயிட்டர் பையன் இரண்டு நடை நடக்க வேண்டும்.

ரோல்ஸ் சாப்பிடுகிற விதம்தான் எனக்குப் பிடித்தது. சிலர் சோஸைத் தட்டு ஓரத்தில் ஊற்றித் தொட்டுச் சாப்பிடுவார்கள். விவரமானவர்கள் ஒரு முனையைக் கடித்துவிட்டு, அந்தத் துளைக்குள் போத்தல் மூக்கை வைத்து உள்ளே அழுத்துவார்கள். மூக்கு அடைபட்டிருந்தால் கதை கந்தல். பலமாக அமுக்கினால் பக்கத்து மேசைக்காரரின் வெள்ளைச் சட்டைக்குப் போய்விடும். அதற்காகவே அடுப்படியில் ஓர் ஊசி வைத்திருக்கிறோம், தினமும் காலையில் மூக்குக் குத்துவதற்கு.

தொங்கல்வீட்டான் கேட்டதற்கு வருகிறேன். எங்கள் சமையல் பாஸ் எல்லாக் கறியிலும் உப்பைக் கொஞ்சம் குறைத்துத்தான் இறக்குவார். கேட்டால் "குறைந்தால் அவன் போட்டுக்கொள்வான், கூடினால் நீ எடுத்துத் தருவாயா?" என்பார். ஆக, மேசையில் உப்பு கேட்கிறவர் மேல் அவருக்குக் கோபம் இல்லை. இலையில் மிச்சம் வைக்கிறவர் மேல்தான் கோபம்.

யாழ்தேவி

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தப் பக்கம் படிப்பிக்க வந்தவள். இந்த இழையில் எனக்கொரு குழப்பம். சோஸையும் சம்பலையும் ஒரே வரிசையில் வைத்துக் கதைக்கிறீர்கள். எங்கட வீட்டில் சம்பல் என்றால் மேலே போடுகிற சாமான் இல்லை. புட்டு, இடியப்பம் என்றால் அதோடு சம்பல் இருந்தே ஆக வேண்டும். செத்தல் மிளகாயைப் பொரித்து, உரலில் இடித்து, தேங்காய்ப்பூவோடு சேர்த்து வருகிற சம்பலுக்குப் பிறகு சொதி கூட இரண்டாம் இடம்தான். மோர்மிளகாய், வடகம், ஊறுகாய் வேண்டுமென்றால் உங்கள் கணக்கில் வரலாம்.

இங்கே வந்து நான் கண்ட புதினம் வேறு. காலையில் ரொட்டியும் கட்டைச்சம்பலும், பிறகு ஒரு உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிச் சுடச்சுட பிளேன்டி. சீனியைத் தேத்தண்ணிக்குள் போட்டால் என்ன? பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். "உள்ளே போட்டா சீனி கூடச் செலவு மகளே" என்றார். அது சரிதான், ஆனால் அது மட்டும்தானா என்று இன்னும் சந்தேகம்.

ஆறிப்போன தேத்தண்ணி (பொகவந்தலாவை)

தொங்கல்வீட்டான் தம்பி, உங்கள் அம்மா மனம் நொந்திருப்பார், புரிகிறது. ஆனால் தொட்டுக்கொள்வதும் மேலே போட்டுக்கொள்வதும் சமைத்தவரை அவமதிக்கிற காரியம் என்று எடுத்துக்கொண்டால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவரும் ஒருவரோடும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு, ஓர் அடுப்பு, ஒரு சட்டி. தாத்தாவுக்குப் பிரஷர். தம்பிக்கு அப்போதுதான் சோறு ஊட்டத் தொடங்கியிருந்தார்கள். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிறவர், நாக்கில் நெருப்பு வைத்தால்தான் சோறு இறங்கும். எனக்கும் அக்காவுக்கும் நடுத்தரம். ஆளுக்கொரு கறி வைக்க விறகு எங்கே, நேரம் எங்கே? அம்மாவே மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர். பருப்பைக் குழந்தையின் நாக்குக்கு ஏற்ற மாதிரிக் கடைந்து இறக்கிவிடுவார். அதற்கு அப்புறம்தான் அம்மி.

அந்த அம்மி வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள். முதலில் காய்ந்த கொச்சிக்காயும் கல்லுப்பும். கைவிரலால் ஒரு தெளிப்புத் தண்ணீர். குழவியை இழுத்தால் உப்புப் பரல் நறநறவென்று கொச்சிக்காய்த் தோலைக் கிழிக்கும் சத்தம் வரும். அது சிவப்புப் பசையாக வந்த பிறகு ஒரு துண்டு மாசிக் கருவாடு, இருந்தால். சின்ன வெங்காயம் கடைசியில். அதை அரைக்க மாட்டார், குழவியால் நசுக்கி நீர் விட வைப்பார், அவ்வளவுதான். வெங்காயத்தை விழுதாக அரைத்தால் கசக்கும். தேசிக்காய் அம்மியில் படாது, கிண்ணத்துக்கு வழித்த பிறகு மேலே பிழிவார். கடைசியில் அம்மியைக் கழுவின தண்ணீர் இருக்கிறதே, அது கூட வீணாகாது. அப்பாவின் பருப்புக்குள் போகும்.

தாத்தா கிண்ணத்தின் பக்கமே திரும்ப மாட்டார். அப்பா நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி எடுத்துக்கொள்வார். நாங்கள் ரொட்டியின் ஓரத்தால் தொட்டுக்கொள்வோம். சட்டி எல்லாருக்கும் பொது, கிண்ணம் அவரவர் பாடு. அந்தக் கிண்ணம் இல்லாவிட்டால் தினமும் சண்டைதான்.

யாழ்தேவி டீச்சர் சொன்ன சம்பல் கணக்கும் சரிதான். 1973, 74 பஞ்சத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்போது பருப்பும் இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் அம்மியில் அரைத்த உப்புக் கொச்சிக்காயும்தான். அந்த நாளில் கறி என்று கேட்டால் அதுதான் கறி.

தொங்கல்வீட்டான் (தலவாக்கலை)

அக்கா, நீங்கள் சொல்வதில் எனக்குச் சண்டையே இல்லை. அந்தக் கிண்ணத்தை வைத்ததும் உங்கள் அம்மாதான். சமைத்தவரே "இந்தா, உனக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்" என்று கொடுத்தது. அப்பா எவ்வளவு எடுப்பார் என்று தெரிந்துதான் பருப்பை அப்படி இறக்கியிருக்கிறார். எங்கோ ஃபெக்டரியில் அடைத்த போத்தலை, அம்மா என்ன வைத்திருக்கிறார் என்றே பார்க்காமல் கவிழ்ப்பது அதே கணக்கில் வருமா?

லெமன்பஃப்

அங்கிள், நானும் அந்தப் போத்தல் ரகம்தான், அடிக்க வராதீர்கள். கெம்பஸ் ஹொஸ்டலில் இருக்கிறேன். எந்த ஹொஸ்டல் என்று சொல்ல மாட்டேன். பருப்பு ஒரு நாள் தண்ணீர், மறுநாள் சிமெந்து. சோயா மீட் கறியில் சோயா மீட்டை விடத் தேங்காய்ப்பால் மாக் கட்டிதான் அதிகம். இதில் "முதல் வாய் அப்படியே சாப்பிடு" என்றால் அந்த முதல் வாயோடு எழுந்து போய்விடுவேன். சோஸ் மட்டும்தான் நேற்றும் இன்றும் நாளையும் ஒரே மாதிரி இருக்கிற ஒரே சாமான். அறையில் எல்லாருடைய அலுமாரியிலும் ஒரு போத்தல் சோஸ், ஒரு போத்தல் சீனிச்சம்பல், பாணில் தடவுகிற உப்புப் பசை மாமைட் ஒரு போத்தல். பரீட்சைக் காலத்தில் மாமைட் போத்தலுக்குப் பெயர் எழுதி ஒட்டாவிட்டால் காணாமல் போகும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குப் போனாலும் விடாது. கை தானாகப் போகிறது. அம்மாவின் சாப்பாடு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லையே.

இன்னொன்றும் சொல்கிறேன், சண்டை வரட்டும். பட்டர் ஃபுரூட்டுக்குச் சீனியும் பாலும் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறவர்கள்தான் உண்மையான குற்றவாளிகள். உப்பு, மிளகுத்தூள், தேசிக்காய். அவ்வளவுதான் வேண்டும்.

கொட்டகலைக் கோமாளி

பட்டர் ஃபுரூட்டுக்கு உப்பா? இந்தப் பிள்ளையை யாராவது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மாத்தளை மிளகுக்கொடி

யாழ்தேவி டீச்சரின் சீனிச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லத்தான் உள்ளே வந்தேன்.

கொச்சிக்காயில் இருக்கும் கப்சைசின் நாக்கில் சூட்டை உணர்கிற நரம்பு வாயிலைத்தான் திறக்கிறது. கிட்டத்தட்ட 43 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டுக்குத் திறக்கும் அதே வாயில். அதனால்தான் உறைப்பைச் சாப்பிட்டால் வாய் "எரிகிறது" என்கிறோம், மூளைக்குப் போவதும் அந்தச் செய்திதான். இந்த வாயிலைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆக, கட்டைச்சம்பல் சாப்பிட்ட வாயில் ஆவி பறக்கிற தேத்தண்ணியை ஊற்றினால் அந்த வாயிலை இரண்டு பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள். எரிச்சல் ஏறத்தான் செய்யும். பச்சைத் தண்ணீரும் பெரிதாக உதவாது, கப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலும் தயிரும் கழுவிக்கொண்டு போகும். சீனியும் எரிச்சலை ஓரளவு அடக்கும். இப்போது உள்ளங்கைச் சீனியைப் பாருங்கள்: நாக்கில் சீனி நேராகப் படுகிறது, அதன் மேல்தான் தேத்தண்ணி. ஆச்சி சொன்ன சிக்கனமும் உண்மை, நாக்குச் சொன்ன காரணமும் உண்மை.

இன்னொரு விஷயம். தினமும் உறைப்புச் சாப்பிடச் சாப்பிட அந்த நரம்பு மந்தப்பட்டுவிடும். ஆறிப்போன தேத்தண்ணி அக்காவின் அப்பா நெல்லிக்காய் அளவு எடுத்ததும் தாத்தா திரும்பியே பார்க்காததும் வெறும் பிடிவாதம் இல்லை. இரண்டு பேர் நாக்கும் இரண்டு விதம். "அளவான காரம்" என்று சமைக்கிறவர் சொன்னால் அது அவர் நாக்குக்கு அளவு.

கடைசியாக எங்கள் ஊர்ப் பெருமை. கொச்சிக்காய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்த பிறகுதான் நம் அடுப்படிக்கு வந்தது. அதற்கு முன்னால் உறைப்பு என்றால் மிளகுதான். முட்டைப் பொரியலுக்கு மிளகுத்தூள் போடாமல் சோஸ் போடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

யாழ்தேவி

மிளகுக்கொடி, நன்றி. நாளைக்குப் பள்ளிக்கூட இன்டர்வெலில் பரிசோதித்துப் பார்க்கிறேன். கன்டீன் ரொட்டிக்குத் தருகிற சம்பல் அதற்குத் தாராளமாகப் போதும்.

வெள்ளைத்தொப்பி

தோட்டப்புறத்தில் தாதியாக வேலை செய்கிறேன். எல்லாரும் ருசியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசிவிட்டுப் போகிறேன்.

கிளினிக்குக்கு வருகிற பிரஷர்காரர்களிடம் "உப்புக் குறைத்தீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் "கறியில் உப்பே போடுவதில்லை மிஸ்" என்பார்கள். உண்மைதான், கறியில் இல்லை. கருவாட்டில் இருக்கிறது, மாசியில் இருக்கிறது, ஊறுகாயில் இருக்கிறது, பாணில் தடவுகிற மாஜரினில் இருக்கிறது, சோயா சோஸிலும் மாமைட்டிலும் தாராளமாக இருக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மொத்தமாகவே 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேத்தண்ணிக் கரண்டியால் மட்டமாக ஒரு கரண்டி. நெத்தலிக் கருவாடும் கட்டைச்சம்பலும் வைத்து இரண்டு வேளை சாப்பிட்டால் அந்தக் கரண்டி எங்கே நிற்கும்?

வயதானவர்கள் உப்புக் கேட்டுச் சண்டை போடுவதற்கும் காரணம் உண்டு. வயது போகப் போக மூக்கும் நாக்கும் மந்தமாகும். மருமகள் நேற்றுப் போட்ட அதே அளவு இன்று சப்பென்று இருக்கும். "வேண்டுமென்றே உப்பில்லாமல் போடுகிறாள்" என்று என்னிடமே முறையிட்டிருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பது, உப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டு ஒரு தேசிக்காய்ப் பாதியை வையுங்கள். புளிப்பு ஏறினால் உப்புக் குறைவது அவ்வளவு தெரியாது. மிளகுத்தூள், கறிவேப்பிலை, வறுத்த சீரகம் எல்லாம் உதவும். சில வீடுகளில் பலித்திருக்கிறது. சில வீடுகளில் தேசிக்காயும் வந்தது, உப்பும் போகவில்லை.

பஸ்ஸ்டாண்ட் கடை (ஹட்டன்)

மிஸ் சொன்னது சரி. ஆனால் 2025 இல் உப்புத் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து உப்பு இறக்கிய நாளில் என் கடையில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மேசைகளிலிருந்து உப்புச் சாடியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அதுவரை உப்பே தொடாதவர்கள் கூட "என்ன, உப்பு இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பனிப்பொழுது (நுவரெலியா)

சம்பல் பேச்சில் தேங்காய்க் கணக்கை யாருமே எடுக்கவில்லையே. நாங்கள் இருப்பது கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில். இங்கே தென்னை வராது. ஒவ்வொரு காயும் குருநாகல் பக்கமிருந்து லொறியில் மலையேறி வர வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதே குளிர்காலத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்கு ஒரு வேளைச் சம்பலுக்கே சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு போனது. அப்போது எங்கள் லைனில் பாதி வீட்டில் கெரட்டைத் துருவித் தேங்காயோடு கலந்தார்கள். கெரட் இங்கே வீட்டு வாசலில் விளைகிறது. முதலில் முகம் சுளித்த பிள்ளைகள் இப்போது வெறும் தேங்காய்ச் சம்பலை "ஏன் வெள்ளையாக இருக்கிறது?" என்று கேட்கிறார்கள்.

குளிர் இன்னொரு வேலையும் செய்யும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். காலையில் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராது, வெள்ளைக் கட்டியாக நிற்கும். கொதித்த தண்ணீர்ச் சட்டியில் நிற்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். சம்பலுக்கும் இதே கதை. ஐஸ் மாதிரி இருக்கிற தேங்காய்ப்பூவைப் பிசைந்தால் பால் விடாது, கொச்சிக்காய்த்தூள் தனியாக, தேங்காய் தனியாக உதிரும். துருவினதை அடுப்போரம் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிசைய வேண்டும். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் "நுவரெலியாச் சம்பல் ருசி இல்லை" என்பார்கள். சம்பல் மேல் தப்பு இல்லை, குளிர் மேல்தான்.

தேங்காய் கட்டுப்படியாகாத நாளுக்கு எங்களுக்கு வேறு வழி இருக்கிறது. மரத்தக்காளி. நன்றாகச் சிவந்த பழத்தைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, பச்சைக் கொச்சிக்காய், வெங்காயம், உப்பு வைத்து நசுக்கினால் போதும். புளிப்பு பழத்திலேயே இருப்பதால் தேசிக்காய் வேண்டாம். ரொட்டிக்கு இதைவிட ஒன்று கிடையாது.

ஆறிப்போன தேத்தண்ணி (பொகவந்தலாவை)

மரத்தக்காளி என்றதும் வாய் ஊறுகிறது. எங்கள் பாட்டி இளங்கொழுந்தையே பொடியாகக் கிள்ளி, வெங்காயம் பச்சைக் கொச்சிக்காயோடு தேசிக்காய் விட்டுப் பிசைந்து ரொட்டிக்குள் வைத்து மலைக்குக் கொண்டுபோவார். துவர்ப்புத்தான் அதில் ருசி. இப்போது மருந்து அடிக்கிற காலம், கண்டபடி கிள்ளிச் சாப்பிடாதீர்கள்.

பதுளைக் கோச்சி

கொழும்பிலிருந்து பதுளைக்கு வருகிற கோச்சியில் வடைக்காரர் ஏறினால் நான் வடையைப் பார்ப்பதில்லை, கூடையின் ஓரத்தில் இருக்கிற பொரித்த கொச்சிக்காயைத்தான் பார்ப்பேன். எந்தப் பிள்ளையோ கணக்குப் போட்ட கொப்பித் தாளில் சுற்றி, மேலே இரண்டு கொச்சிக்காயும் பச்சை வெங்காயமும் வைத்துத் தருவார். அதற்குச் சோஸ் கேட்ட ஒரு வெள்ளைக்காரரை வடைக்காரர் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மஞ்சள் குங்குமம் (நாவலப்பிட்டி)

நாங்கள் முழுச் சைவம். கட்டைச்சம்பலில் மாசி இல்லாவிட்டால் ருசி இல்லை என்று ஊரே சொல்கிறது, சரி, ஆனால் எங்களுக்கு ஒரு வழி உண்டு. அரைத்த பசையில் கால் கரண்டி மாமைட். அவ்வளவுதான். மாசி என்பது சூரை மீனை அவித்துப் புகை போட்டுக் காய வைத்தது. அந்த அடி நாக்கு ருசிக்காகத்தானே போடுகிறோம்? மாமைட் பியர் ஊற வைத்த ஈஸ்டிலிருந்து எடுப்பது. 1902 இலிருந்து இங்கிலாந்தில் செய்கிறார்கள். அதற்கும் அதே அடி நாக்கு ருசி. உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

கொட்டகலைக் கோமாளி

வெள்ளிக்கிழமை விரதத்துக்குப் பியர் ஈஸ்டா? மாரியம்மா!

மஞ்சள் குங்குமம் (நாவலப்பிட்டி)

தம்பி, அதில் சாராயம் ஒரு சொட்டும் இல்லை. நீங்கள் சாப்பிடுகிற பாணிலும் ஈஸ்ட்தான் இருக்கிறது. முதலில் அதை நிறுத்துங்கள், பார்ப்போம்.

தொங்கல்வீட்டான் (தலவாக்கலை)

கட்டைச்சம்பலில் மாமைட்டை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். மாசி இல்லாமல் வெறும் உப்புக் கொச்சிக்காயே ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அக்கா, இது அடுப்படியில் சமைக்கிறவரே முடிவெடுத்துப் போடுவது. அந்த மட்டில் என் கட்சிக்குள் வந்துவிட்டீர்கள்.

கண்டிச் சீமாட்டி

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். பாற்சோற்றுக்குக் கட்டைச்சம்பலா, சர்க்கரையா? எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தில் ஒரே தட்டில் இரண்டும் வரும். கட்டைச்சம்பலில் தொடங்கிக் கித்துள் கருப்பட்டியில் முடிப்பார்கள். எங்கள் வீட்டில் இது பெரிய பிரிவினை. என் கணவர் சம்பல், நான் வாழைப்பழமும் கருப்பட்டியும்.

லெமன்பஃப்

சம்பல்தான், அன்ரி. சர்க்கரை வேண்டுமென்றால் பொங்கல் பொங்குங்கள். ஆனால் தயிருக்கு மட்டும் கித்துள் பாணி. எருமைத் தயிரில் உப்புப் போட்டுச் சோற்றில் பிசைகிற எங்கள் வீட்டு ஆட்களை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

பதுளைக் கோச்சி

பட்டர் ஃபுரூட்டுக்கு உப்புப் போடுகிற ஆள் தயிருக்கு உப்புப் போடுகிறவரைக் குற்றம் சொல்கிறார், எல்லாரும் கவனிக்கவும்.

கொட்டகலைக் கோமாளி

கண்டிக்காரர்களுக்கு ருசியே தெரியாது, இதில் பஞ்சாயத்து வேறு. சீனிச்சம்பலை ஜேம் மாதிரி ஆக்கினவர்களே அவர்கள்தான்.

மட்டுறுத்துநர்

ஊரை இழுக்க வேண்டாம். கோமாளிக்கு இது கடைசி எச்சரிக்கை. (சீனிச்சம்பலைப் பற்றிச் சொன்னதில் எனக்குத் தனிப்பட்ட உடன்பாடு உண்டு, அது வேறு விஷயம்.)

வெள்ளைத்தொப்பி

தொங்கல்வீட்டான் அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? மருமகன் கொழும்பில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாரா, கடைச் சாப்பாடா?

தொங்கல்வீட்டான் (தலவாக்கலை)

கடைப் பார்சல்தான். மூன்று வேளையும். ஏன் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது மிஸ். லெமன்பஃப் சொன்ன கதைதான், கை தானாகப் போகிறது. இருந்தாலும் முதல் வாய் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். இன்று காலை ரொட்டிக்கு அம்மா அம்மியில் சம்பல் அரைத்து அவன் முன்னால் கிண்ணத்தை வைத்தார். சோஸ் போத்தல் அலுமாரியில் இருந்தது, யாரும் ஒளித்து வைக்கவில்லை. அவன் சம்பலும் எடுத்தான், சோஸும் எடுத்தான். இரண்டையும் கலந்து சாப்பிட்டுவிட்டு "ஆச்சி, இது நல்லா இருக்கு, நீங்களும் போட்டுப் பாருங்க" என்று நீட்டினான். அம்மா நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிக்குதுடா" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

பஸ்ஸ்டாண்ட் கடை (ஹட்டன்)

கட்டைச்சம்பலும் சோஸும் கலந்ததா? ரோல்ஸுக்கு வைத்துப் பார்க்கிறேன். விற்றால் உங்கள் மருமகனுக்கு ஒரு கொத்து இலவசம்.

யாழ்தேவி

பரிசோதனை முடிவு: சம்பலுக்குப் பிறகு சுடு பிளேன்டி, சீனி இல்லாமல் - கண்ணீர். சீனியை நக்கிக்கொண்டு - சமாளிக்கலாம். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பனிப்பொழுது, மரத்தக்காளிச் சம்பல் எத்தனை நாள் இருக்கும்? ஊருக்குக் கொண்டுபோகலாமா?

பனிப்பொழுது (நுவரெலியா)

பச்சை வெங்காயம் போட்டதால் அன்றைக்கே முடிப்பதுதான் நல்லது, பிரிட்ஜில் வைத்தாலும் மறுநாள் வெங்காய வாடை தூக்கும். யாழ்ப்பாணச் சூட்டுக்கு நிச்சயம் தாங்காது. பழமாகக் கொண்டுபோய் அங்கே சுடுங்கள் டீச்சர். கைக்குக் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள், பஸ்ஸில் நசுங்காது.

கொட்டகலைக் கோமாளி

எங்கள் மாமனாருக்கும் ஒரு கிலோ சொல்லி வையுங்கள். பாயாசத்துக்கு.